சமையலறைக்குள் வந்த ஹால்டன் கார்

ஹால்டன் ரீஜென்ட் காரின் இடதுபக்க வால் சமையலறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது ரங்கநாயகி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடித்து அடங்கும்வரை கரண்டியைக் கீழே வைக்க முடியாது என்பதால் அவள் வைக்கவில்லை. அடங்கியதும் ரசத்தில் கொட்டி, மூடிவைத்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். மிக்சிக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவே, பெயர்ந்த செங்கற்களுக்கிடையில், கறுப்புப் பளபளப்பும் ஓரத்தில் ஓடும் வெள்ளிக் கோடும் நுனியில் பழுத்த தக்காளி போன்ற சிவப்பு விளக்குமாக அது ஒரு முழ நீளத்துக்கு நின்றது. அவள் மிக்சியைத் தள்ளி வைத்தாள். கைத்துணி தொங்கவிட அந்த இடத்தில் ஓர் ஆணி வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்ததால் துணியை அதன்மேல் போட்டாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, "ஏனுங்க, யாருங்க இப்ப வாலைப் பத்திப் பேசினது?" என்று குரல் கொடுத்தாள்.

"நாந்தானுங்க அம்மிணி," என்றது ஓர் ஆண்குரல். "வாய் தவறிப்போச்சுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது அவள் அப்பா வெங்கிடுபதி நாயுடுவின் ஜின்னிங் பேக்டரி. சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், பருத்தி அரைத்து ஓய்ந்து பல வருடங்களாகியும் உத்தரங்களில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஓட்டுக் கொட்டகையில்தான் நாயுடு தன் ஒரே ஆடம்பரத்தை நிறுத்திவைத்திருந்தார். அமெரிக்காவில் செய்த கம்பெனியே மூடிப்போய் அதன் பெயரும் மறந்துபோன 1957ஆம் வருடத்து ஹால்டன் ரீஜென்ட் அது. நாயுடு போன மார்கழியில் இறந்தார். உடுமலையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்று, கணவனையும் இழந்து, அப்பாவின் வீட்டுக்குத் திரும்பியிருந்த ரங்கநாயகிக்கு அந்த வீட்டைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது; காரை வைத்துக்கொண்டு செய்வதற்கும் எதுவும் கிடையாது. 'பழைய அமெரிக்கக் கார் விற்பனைக்கு, நேரில் பார்க்கவும்' என்று பேப்பரில் ஒரு வரி கொடுத்தாள்.

அந்த மாதிரி வரிகளைப் படிப்பதற்கென்றே கோயமுத்தூரில் ஒரு கூட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு பேக்கரியில் கூடி, டீயும் தேங்காய் பன்னும் முடித்துவிட்டு, பொள்ளாச்சியோ பல்லடமோ, எங்கே பழைய அமெரிக்கக் கார் விற்பனைக்கு நின்றாலும் போய்ச் சுற்றி நின்று பார்ப்பார்கள். வாங்குகிறவர்கள் குறைவு, பார்க்கிறவர்கள் அதிகம், தீர்ப்புச் சொல்லாதவர்கள் யாருமில்லை. அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் பம்புசெட் பவுண்டரி வைத்திருக்கும் சங்கமேஸ்வரன். அவர் பைக்குள் துணியில் சுற்றிய ஒரு காந்தம் இருக்கும். அதை வண்டியின் உடம்பில் வைத்து இழுத்துப் பார்த்து, எங்கே இரும்பு, எங்கே பட்டி மாவு பூசி மறைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். கதவை மூடும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வண்டிக்குள் கிடக்கும் மிதியடியை எடுத்து முகர்ந்து பார்ப்பார். பொருள் பார்க்கப் போகிறவன் முதலில் குறைதான் சொல்ல வேண்டும் என்பது மாடு விற்கும் தாவணியிலிருந்து மோட்டார் விற்கும் தாவணிவரை இந்தப் பக்கத்து வழக்கம், அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பியூக் காரை அவர் பார்த்துவிட்டுப் போனபிறகு அதன் சொந்தக்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்பார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோதும் குறை சொல்லும் உத்தேசத்தோடுதான் வந்தார். கூட உக்கடத்தில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பைரோஸ் வந்தார். ரங்கநாயகி தார்ப்பாயை இழுத்ததும் சங்கமேஸ்வரன் காந்தத்தை எடுக்க மறந்து நின்றார். தலைமுதல் வால்வரை ஒரு சுருக்கம் இல்லாமல், நிறுத்தியிருந்தும் ஓடிக்கொண்டிருப்பதுபோலக் கிடந்தது வண்டி.

"என்னங்ணா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்?" என்றார் பைரோஸ்.

"என்னத்தச் சொல்றது. நீளத்தப் பாரு பைரோஸு. ஆத்துல தண்ணி போறாப்புல போகுது."

அவர் சொல்லி முடித்தபோது வண்டியின் முன்பம்பர் அவருடைய முழங்காலைத் தொட்டது. அவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். வண்டி நகரவில்லை, நீண்டிருந்தது. பைரோஸ் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். தூசியில் பதிந்த தடத்திலேயே சக்கரங்கள் நின்றன. "அப்ப சரிங்ணா," என்றார்.

எந்தப் பாகத்தைப் புகழ்கிறோமோ அந்தப் பாகம் வளர்கிறது என்பதை அந்தக் கூட்டம் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டது. அது தெரிந்தபின் புகழாமல் இருந்திருக்க வேண்டும்தான், ஆனால் அப்படிப்பட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் சேரவே மாட்டார்கள். அடுத்த ஞாயிறு சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தார்கள். சிலர் தங்கள் பேக்கார்டையும் பியூக்கையும் ஓட்டிவந்து சந்தில் நிறுத்தி, அதை யாராவது புகழட்டும் என்று காத்திருந்தார்கள். தாராளமாகப் புகழப்பட்டும் அவை ஒரு நூல்கூட வளராததில் அவர்களுக்கு வருத்தம். "பக்கத்து வண்டியப் புகழ்ந்தாலும் பாரு, நம்ம ஹால்டன் கம்முனு நிக்குது. பொறாமையே இல்லாத வண்டி," என்று பைரோஸ் சொன்னார். அதுவும் புகழ்ச்சி என்று அவருக்கு உறைப்பதற்குள் பானெட் கதவு நிலையை முட்டியது.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதம் சொல்லத் தகுந்தது. பால்வாடி ஆயா மதியத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்து பின்சீட்டில் வரிசையாகப் படுக்கவைத்தாள். சீட்டின் மெத்தையை அவள் ஒருநாள் மெச்சிவிட, இன்னும் சில பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள இடம் கிடைத்தது. மகளிர் குழு டிக்கியில் கூடியது. இத்தனை நீளமான பொருள் வாகனமா கட்டடமா என்று கேட்டு ஒரு மனு போக, வாகனங்களைப் பார்க்கும் அதிகாரி இது கட்டடம் என்றும், கட்டடங்களைப் பார்க்கும் அதிகாரி சக்கரம் இருப்பதால் இது வாகனம் என்றும் எழுதிவிட்டு, இருவரும் தனித்தனியாகக் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வண்டி கொஞ்சமாவது குறையட்டும் என்று, சந்தில் போகிறவர்கள் கொட்டகை வாசலில் "கர்மம், கர்மம்" என்று முணுமுணுத்துவிட்டுக் கடப்பது பழக்கமாயிற்று.

முணுமுணுப்பு பலிக்கவில்லை. பொய்க் குறைக்கு வண்டி அசையாது. சங்கமேஸ்வரனே தன் முழுத் திறமையோடு, "பெயிண்ட் ஒரிஜினல் இல்ல, கதவு இறங்கியிருக்குது, எல்லாம் மாவு," என்று ஒரு மணிநேரம் சொல்லிப் பார்த்தார். அவை வியாபாரத்துக்குச் சொல்லும் குறைகள் என்று அவருக்கும் தெரியும், வண்டிக்கும் தெரியும். மெய்யான குறை சொல்லலாம் என்றால், அவர்கள் வாயில் குறையும் பெருமையாகிவிடும். "பெட்ரோலைக் குடிக்கும்," என்று ஒருவர் சொன்னார், ராஜா குடிப்பதைச் சொல்வதுபோல. பெட்ரோல் டாங்க் தரையைத் தொட்டது. கடைசியில் தண்ணீர்ப்பந்தல் பகுதியிலிருந்து குப்பாத்தாளை ஆட்டோவில் அழைத்துவந்தார்கள். சம்பந்தம் பேசப் போன இடத்தில் பெண்ணில், பந்தியில், பாயசத்தில் குறை கண்டுபிடித்து அந்த வட்டாரத்தையே நடுங்கவைத்தவள். அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். வாய் திறந்தபடியே நின்றது. "என்ற சாமி, இதென்ன அழகு கண்ணு இது," என்றாள். கூரை ஓடுகள் மேலே எழும்பி இறங்கின.

அதற்கடுத்த வாரம்தான் சங்கமேஸ்வரனுக்கு வால் விஷயத்தில் வாய் தவறியது.

மேஸ்திரி வந்து சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். விரிசல் நிலைக்கு மேலே ஏறியிருந்தது. "இன்னொரு முழம் உள்ள வந்துதுன்னா உத்தரம் இறங்கிருமுங்க. வண்டி போகோணும், இல்லாட்டி ஊடு போகும்," என்றார்.

அகலத்திலும் வாசலை மிஞ்சிவிட்ட வண்டி போவதற்கு வழி இல்லை. கொட்டகையின் வாசலுக்கு இரண்டு கல்தூண்கள். வலது தூணை உடைக்கலாம் என்றால் அதன்மேல்தான் கூரை முழுவதும் நிற்கிறது. இடது தூண் தூணே அல்ல, கருப்பராயன். பேக்டரி கட்டுவதற்கு முன்பே அங்கே இருந்தவர், ஆடியில் பொங்கல் வாங்குகிறவர். அவரைத் தொட்டு நகர்த்த அந்தச் சந்தில் யாரும் முன்வர மாட்டார்கள். காஸ் கட்டரால் வண்டியை மூன்றாக வெட்டி எடுத்துவிடலாம் என்று ஒரு லேத் பட்டறைக்காரர் சொன்னார். சங்கமேஸ்வரன் எழுந்து வெளியே போய் பவுண்டரி முதலாளிகள் அழுவதற்குத் தோதான ஒரு வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"நானே வாங்கிக்கறேனுங்க அம்மிணி," என்றார். "எப்படியாச்சும் முழுசா வெளிய வரட்டும்."

பைரோஸ்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஏனுங்க்கா, உங்கப்பாரு இத்தன வருசம் இத வெச்சிருந்தாரே. அப்பெல்லாம் வளரலீங்களா?"

ரங்கநாயகி யோசித்தாள். "அப்பா இதப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லீங்க. தெனமும் காலைல தொடைப்பாரு. தொடைச்சிட்டே திட்டுவாரு. தகர டப்பா, தண்டச்சோறு, ஊரைக் கெடுக்க வந்த மூதேவி. நாங்க எந்திரிக்கறதே அந்தச் சத்தத்துலதான்."

"வேற எதையாச்சும் புகழ்ந்திருக்காருங்களா?"

"இல்லீங்க. ஏழாவதுல கணக்குல நூத்துக்கு நூறு வாங்கிட்டு வந்து பேப்பரக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாரு. எழுத்து கோணல்னாரு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு."

பைரோஸ் சிரிக்கப்போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்போது எதிர்வீட்டுக்காரர் ஒருவர் நினைவுகூர்ந்து சொன்னார்: நாயுடு இந்த வண்டியை ஓட்டிவந்த அன்றைக்குச் சந்தே கூடி நின்று வாயாரப் புகழ்ந்ததாம், சாயங்காலம் கொட்டகைக் கதவைச் சாத்த முடியாமல் திறந்துபோட்டே தூங்கினாராம், மறுநாள் காலையிலிருந்துதான் திட்ட ஆரம்பித்தாராம். ரங்கநாயகி உள்ளே போய் வாலில் கிடந்த கைத்துணியை எடுத்துக் கை துடைத்துவிட்டு மறுபடி அதிலேயே போட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் காலையில் வண்டியைத் துடைத்தாள். அப்பாவின் சொற்களை அப்பாவின் வரிசையிலேயே சொன்னாள். அந்த வாரம் யார் வந்து புகழ்ந்தும் வண்டி வளரவில்லை. ஆனால் குறையவும் இல்லை. திட்டு அதை நின்ற அளவில் நிறுத்தியது, அவ்வளவுதான். விரிசல் மட்டும் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு செங்கல் பருப்புச் சட்டிக்குள் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கொட்டகையில் இருந்தபோது அவள் பின்கதவு வழியாக வந்தாள். கையில் இடுக்கி இருந்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை போலும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டியின் முன்னால் போய் நின்றாள்.

"எனக்குக் கலியாணம்," என்றாள். அவள் வண்டியோடு பேசுகிறாள் என்று புரிய அவர்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது. "பூவெல்லாம் வெச்சு, பொட்டெல்லாம் வெச்சு, என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு நின்ன. குளத்துமேட்டுல போயிப் படுத்துக்கிட்ட. நான் பட்டுச் சேலையோட பஞ்சு லாரில ஏறிப் போனேன். தலையெல்லாம் பஞ்சு. அவிய ஊட்ல என்னைப் பொண்ணுன்னு பாக்கறதுக்கு முந்தி பஞ்சுன்னு பாத்துச் சிரிச்சாங்க. கடைசி வரைக்கும் அந்த ஊட்ல எம்பேரு பஞ்சு."

கொட்டகைக்குள் யாரோ நெடுமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. யாரும் விடவில்லை. சமையலறையில் கைத்துணி தரையில் விழுந்தது, அதைப் பார்க்க அங்கே ஆளில்லை. சுவரில் இருந்த ஓட்டை வழியாகக் காலை வெயில் உப்பு ஜாடிமேல் விழுந்தது. வால் அந்தப் பக்கம் போயிருந்தது.

"மழை பெஞ்சா உனக்குத் தார்ப்பாய். எங்க தலைக்கு மேல ஒழுகும், நாங்க சட்டி வெப்போம். ஒரு ஓடு மாத்த மாட்டாரு. உனக்கு மேல ஒரு சொட்டு விழுந்தா எந்திரிச்சு ஓடுவாரு."

கூரை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. தரையில் தட்டியிருந்த டாங்க் மேலே போயிற்று. சக்கரங்கள் தங்கள் பழைய தடத்தைத் தேடி ஒன்றையொன்று நெருங்கின. ஹால்டன் ரீஜென்ட் எல்லோர் கண்ணெதிரிலும், குளிர்ந்த பாலில் ஆடை சுருங்குவதுபோலச் சத்தமில்லாமல் சுருங்கியது. சுற்றி நின்றவர்கள் அதுவரை பார்த்த எந்த அமெரிக்கக் காரிலும் காணாத ஒன்றைக் கண்டதால், அவர்களுக்கு அதற்குச் சொல் இல்லை.

"அம்மாவுக்குக் கடல் பாக்கோணும். தை முடியட்டும், இதுல ராமேஸ்வரம் போலாம்னு வருசா வருசம் சொல்லுவாரு. நீ பல்லடம் தாண்டினதில்ல. அம்மா கடைசில படுத்துட்டு எங்கிட்ட கேட்டுது, கடல் சத்தம் போடுமாமே, எப்படிப் போடும்னு. நானும் அப்பப் பாத்ததில்ல. பேக்டரி ஓடறாப்புல போடும்னு சொன்னேன். சரின்னு கேட்டுட்டுப் போயிருச்சு."

இம்முறை வண்டி சுருங்கியது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு வேகம். பைரோஸ் ஓடிப்போய் வாசலின் அகலத்தையும் வண்டியின் அகலத்தையும் டேப்பால் அளந்தார்.

"இன்னும் ரெண்டு விரக்கடைங்க்கா. இன்னொண்ணு சொன்னீங்கன்னா போதும்."

அவள் வாயைத் திறந்தாள். பானெட்டின் இடது பக்கம், கண்ணாடிக்கு முன்னால், ஓர் இடத்தில் மட்டும் கறுப்பு மங்கியிருந்தது. வெங்கிடுபதி நாயுடு தினமும் காலையில் வலது கையால் துடைக்கும்போது இடது உள்ளங்கையை ஊன்றிக்கொள்ளும் இடம். ஐந்து விரல்களும் தெரிந்தன. ரங்கநாயகி தன் கையை அதனருகே கொண்டுபோய், அதன்மேல் வைக்காமல், எடுத்துக்கொண்டாள்.

"இருக்குதுங்க," என்றாள். "பெரிய குறை. அதைச் சொன்னா வண்டி மிஞ்சாது."

"அப்ப வேண்டாமுங்க," என்றார் சங்கமேஸ்வரன் பதறி.

"சொல்லல. அது எங்கிட்டயே இருக்கட்டும்."

இரண்டு விரற்கடைக்கு வழி கண்டவர் பைரோஸ். "எண்ணெய் ஊத்தலாமுங்ணா. சாமிக்கும் ஆச்சு, வண்டிக்கும் ஆச்சு," என்றார். பூசாரி யோசித்துவிட்டு, கருப்பராயனுக்கு எண்ணெய்க்காப்பு சாத்துவதற்கு நாள் கணக்கு ஒன்றும் இல்லை, உக்கடத்து பாய் சொல்லித்தான் சாத்த வேண்டும் என்று சாமிக்கே இருந்தால் அதை யார் தடுப்பது என்றார். நல்லெண்ணெய் டின் டின்னாக வந்தது. கருப்பராயன் தலையிலிருந்து வழிந்து, எதிர்த்தூணிலும் பூசி, வண்டியின் இரண்டு விலாவிலும் தடவி முடித்தபோது கொட்டகை முழுவதும் எண்ணெய் மணத்தது.

மிச்சமிருந்த ஆபத்து கூட்டத்தின் வாய்தான். சந்தின் இரண்டு பக்கமும் ஜனம் நின்றது. பால்வாடிப் பிள்ளைகள், மகளிர் குழு, இரண்டு அதிகாரிகள், சேலத்துக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், ஆட்டோவில் குப்பாத்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் ஒருவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னாலும் வண்டி தூணுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். அதனால் சங்கமேஸ்வரன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் பைரோஸ் கையை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் தங்கள் வாயைத் தங்கள் கையால் பொத்திக்கொண்டார்கள். அப்படியொரு ஜனம் அப்படியொரு மௌனத்தில் நின்று அந்தச் சந்து கண்டதில்லை. வண்டி உறுமி, நகர்ந்து, கருப்பராயனின் எண்ணெய்த் தோளை உரசி, அவருடைய மஞ்சளையும் குங்குமத்தையும் தன் விலாவில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தது. நாற்பது வருடத்துத் தார்ப்பாய் இருட்டுக்குப் பிறகு வெயில் அதன்மேல் விழுந்தது. பொத்திய கைகளுக்கு மேலே கண்கள் மட்டும் இருந்தன. அந்தக் கண்களில் பலவற்றில் நீர் நின்றது. மூச்சைக்கூட அளந்து விட்டார்கள்.

சந்து முனையில், திருச்சி ரோட்டில் ஏறுவதற்கு முன், சங்கமேஸ்வரன் வண்டியை நிறுத்தி இறங்கினார். பின்னாலேயே நடந்து வந்திருந்த ரங்கநாயகியிடம் மெதுவாகச் சொன்னார்.

"இத்தன வருசம் உங்க ஊட்ல இருந்ததுங்க. ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க அம்மிணி. இனி ரோடு அகலம்தான், வளந்தாலும் பரவால்ல."

அவள் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். முந்தானையால் பானெட்டில் வழிந்த எண்ணெயைத் துடைத்தாள். பின்னால் வந்து, டிக்கியின்மேல் வெள்ளியால் சாய்வாக எழுதியிருந்த 'ரீஜென்ட்' என்ற ஆங்கில எழுத்துகளின் அருகே குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தாள். கடைசி எழுத்து மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்திருந்தது. விரலால் அதைத் தடவினாள்.

"எழுத்து கோணல்," என்றாள்.

வண்டி வளரவும் இல்லை, குறையவும் இல்லை. சங்கமேஸ்வரன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் முதல் திருப்பிலேயே கிளம்பி, சுங்கம் பக்கமாகப் போய், பஸ்களுக்கு நடுவே மறைந்தது. அது மறைந்தபிறகும் சந்தில் ஒருவரும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. ரங்கநாயகி அவர்கள் நடுவே நடந்து வீட்டுக்குப் போய், தரையில் கிடந்த கைத்துணியை எடுத்து உதறி, ஆணி ஒன்று தேடினாள்.